வெறுங்கால் ஷூவும் என் இடது காலும்

1. மகள் வாங்கி வந்தது

பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிப்பது என் வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதுதான். புதிதாக ஏரியில் இறங்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு வலை கிடையாது. பறி என்கிற ஓலைக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நகர்வோம். சேற்றில் ஒண்டியிருக்கும் இறாலை முதலில் கால்தான் கண்டுபிடிக்கும். விரலில் ஒரு சின்னத் துடிப்பு. உடனே முங்கிக் கையால் அமுக்க வேண்டும்.

எனக்கு சுகர் வந்த பிறகு டாக்டரம்மா சொல்லிவிட்டார். "வெறுங்காலோட எறங்காதம்மா. சிப்பி கிழிச்சா ஆறாது."

காலை மூடிக்கொண்டால் இறால் எப்படித் தெரியும்? வேலையை விட்டால் அடுப்பு எப்படி எரியும்? சாமி விளக்கை ஏற்றும்போதும் இதே நினைப்பு.

மகள் தேவி சென்னையில் ஒரு செருப்புக் கடையில் இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷூ கொண்டுவந்தாள். விரலுக்கு விரல் தனி உறை. அடிப்பாகம் சைக்கிள் டியூப் போல மெலிசு.

"யம்மா, இதுக்குப் பேரே வெறுங்கால் ஷூ. கீழ இன்னா இருக்குதோ அது அப்படியே கால்ல தெரியும். ஓடறவங்கள்லாம் தேடி வந்து வாங்கறாங்க."

விலையைக் கேட்டேன். அவள் சம்பளத்தில் பாதி. கடை ஆள் என்று குறைத்துக் கொடுத்த பிறகு!

நாத்தனார் பொன்னி சிரித்துவிட்டாள். "வெறுங்காலு மாதிரி இருக்கறதுக்கா இவ்ளோ காசு? பொறந்ததுலேர்ந்து நான் சும்மாவே நடக்கறனே அண்ணி, எனக்கு எவன் குடுப்பான்?"

போட்டு வாசலில் நடந்தேன். வலது காலில் மணல் நெறுநெறுவென்று தெரிந்தது, ஆசையாக இருந்தது. இடது பக்கம் அவ்வளவாக இல்லை. புதுசுதானே, போகப்போகப் படியும் என்று விட்டுவிட்டேன்.

2. ஏரியில்

நாங்கள் கரையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, "கங்கம்மா, தாயே" என்றுதான் இறங்குவோம். காலில் எதையும் போட்டு யாரும் இறங்கியதில்லை. அன்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஷூவோடு இறங்கினேன்.

பொன்னியின் பறி பாதி நிறைந்தபோது என் பறியில் சிலதுதான் கிடந்தன. எல்லாம் வலது கால் கண்டது.

"கங்கம்மாவுக்கு உன் ஷூ புடிக்கல அண்ணி," என்றாள் பொன்னி. விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு நெஞ்சில் இறங்கிவிட்டது. நாங்கள் வந்த படகருகே போய் ஷூ இரண்டையும் கழற்றி உள்ளே போட்டேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு மறுபடி துழாவினேன்.

வலது காலில் இறால் தட்டியது. இடது காலில் ஒன்றும் இல்லை. தாயின் கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்து வேண்டிக்கொண்டே நடந்தேன்.

பிறகு படகில் ஏறி உட்கார்ந்தேன்.

"அண்ணி! கால்ல ரத்தம்!"

இடது பாதம் கிழிந்து, சிப்பி ஓட்டின் துண்டு சதைக்குள்ளேயே இருந்தது. பொன்னி அதைப் பிடுங்கினாள்.

"வலிக்கலயா?"

"இல்லடி."

"வெளையாடாத அண்ணி." அவள் என் பெருவிரலை நகத்தால் அழுத்திக் கிள்ளினாள். நகம் பதிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருத்தியின் கால் போல இருந்தது. பொன்னி முந்தானையைக் கிழித்துக் காலில் இறுக்கிக் கட்டிவிட்டு, படகைக் கரைக்குத் திருப்பினாள்.

3. அதற்குப் பிறகு

டாக்டரம்மா பாதத்தைத் தட்டிப் பார்த்தார். "ஷூ மேல குத்தமில்ல, சாமி மேலயும் குத்தமில்ல. சுகர்ல உன் காலு மரத்துக்கினே வந்திருக்கு. நீதான் கவனிக்கல."

ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும், விரலை எடுக்கணும் என்று சொல்லிவிடுவார்களோ என்று கண்ணை மூடிக்கொள்வேன். தாய் புண்ணியத்தில் புண் மூடியது.

இப்போது ஷூவோடுதான் இறங்குகிறேன். கை துழாவுகிறது, வலது கால் கண்டுபிடிக்கிறது. கிடைப்பது குறைவுதான். சாயங்காலம் வீட்டுக்காரர் என் பாதத்தைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்க்கிறார். அவர் என் காலைப் பிடிப்பது முதலில் சங்கடமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது.

பெண்களே, வலிக்காத காலை நல்ல கால் என்று நம்பாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பாதத்தையும் திருப்பிப் பாருங்கள்.

தினமும் இறங்கும் முன் என் வலது கால் விரலைக் கிள்ளிப் பார்க்கிறேன். வலிக்கிறது. கங்கம்மா, தாயே, இது வலித்துக்கொண்டே இருக்கட்டும்.