மார்க்கர் நிற்கும் இடம்

விசில் என்றால் அந்தப் படைப்பிரிவில் அவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும். டிரில் மாஸ்டர். கழுத்தில் கறுப்புக் கயிறு, கயிற்றில் ஒரு பித்தளை விசில். ஒரு ஊது ஊதினால் போதும், குளிக்கிறவன், துணி துவைக்கிறவன், கக்கூஸில் இருக்கிறவன் எல்லாரும் அடித்துப்பிடித்து ஓடிவந்து மைதானத்தில் மூன்று வரிசையாக நிற்பார்கள். ஒருமுறை ஒருவன் தலையில் சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு வந்து நின்றான். அப்போதும் வரிசை பிசகவில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே மனிதர் வருஷக்கணக்கில் பெருமை அடித்துக்கொண்டிருந்தார்.

மைதானத்தின் வலது ஓரத்தில் சுண்ணாம்பால் ஒரு சின்ன வட்டம் போட்டிருக்கும். மார்க்கர் என்கிற முதல் ஆள் அதில் வந்து நிற்பான். மற்றவர்கள் அவன் தோளைப் பார்த்து வரிசை பிடிப்பார்கள். இப்போது அந்த மார்க்கர் யாரென்றால், மாஸ்டரின் சொந்த மருமகன். ஒரே மகளுக்குப் பார்த்துப் பார்த்துக் கட்டிவைத்த மாப்பிள்ளை. வீட்டில், "மாப்ள, இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க." மைதானத்தில், "டேய், வயித்த உள்ள இழுடா." மகள் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஏம்ப்பா, எங்க வீட்டுக்காரரை டா போட்டுக் கூப்பிடறீங்களாமே?"

"அது பட்டாளம்மா. இது வீடு," என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

எல்லையில் சண்டையின் ரகமே மாறிப்போயிருந்தது. ஆளில்லாத டிரோன்கள் தலைக்கு மேல் சுற்றின. நாலு பேர் சேர்ந்து நிற்கிற இடமாகப் பார்த்துக் குண்டைப் போட்டன. படையைப் புதிய போர்முறைக்குத் தயார் செய்யச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. உத்தரவோடு கூடவே ஒரு மேஜரம்மாவும் வந்தார். எல்லையில் இருந்துவிட்டு வந்தவர், அதிகம் பேசமாட்டார்.

"விசில் சத்தம் கேட்டா கலைஞ்சு ஓடி ஒளியணும். ரெண்டு பேர் ஒரு இடத்துல இருக்கக் கூடாது," என்று காலையிலேயே எல்லாரிடமும் சொன்னார். எல்லாரும் பலமாகத் தலையாட்டினார்கள்.

ஆளுக்கொரு மூலையில் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தபோது பயிற்சி டிரோன் இரைந்துகொண்டு வந்தது. மாஸ்டர் விசிலை ஊதினார். பள்ளத்துக்குள் பத்திரமாக இருந்தவன்கூட எழுந்து ஓடிவந்தான். மாப்பிள்ளை வட்டத்தில் போய் நின்றார். மளமளவென்று மூன்று வரிசை. மாஸ்டர் வாயாவது சும்மா இருந்ததா? "அட்டென்ஷன்" என்று ஒரு குரல் கொடுத்தார். கொடுத்த பிறகுதான் என்ன செய்தோம் என்பதே உறைத்தது.

மேஜரம்மா திட்டவில்லை. டிரோன் எடுத்த படத்தைத் திரையில் காட்டினார். நூல் பிடித்தாற்போல் மூன்று கோடுகள்.

"இதுக்கு ஒரே ஒரு குண்டு போதும் மாஸ்டர். நான் அங்க நேர்ல பார்த்திருக்கேன். அவங்களும் இப்படித்தான் அழகா நின்னாங்க."

"அப்ப விசில விட்டுட்டு சைரன் வெச்சுக்கலாமே மேடம்."

"அங்க எவனாவது பழைய பழக்கத்துல ஒரு விசில் ஊதுவான். இவங்க போய்க் கூடுவாங்க. அந்தப் பழக்கத்தத்தான் எடுக்கணும். போட்டவர் நீங்க, நீங்கதான் எடுக்கணும்."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. நேற்று வந்தவங்க எனக்குச் சொல்லித்தர்றாங்களா என்று வீடு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். சாப்பிட உட்கார்ந்தபோது மாப்பிள்ளை அவரைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு பேச்செடுத்தார்.

"மனசுல வெச்சுக்காதீங்க மாமா. தப்பு எங்களோடதுதான். விசில் கேட்டா யோசனையே ஓடல. கால் தானா வந்து வட்டத்துல நிக்குது. உங்க டிரெயினிங் அப்படி."

எத்தனையோ பேர் புகழக் கேட்டவர்தான். ஆனால் இந்தப் புகழ்ச்சியைக் கேட்டதும் பாதிச் சாப்பாட்டிலேயே தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார். மகள் ஒன்றும் புரியாமல் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

மறுநாள் காலை வாளியும் துடைப்பமுமாக மைதானத்துக்குப் போய் சுண்ணாம்பு வட்டத்தைத் தன் கையாலேயே தேய்த்துக் கழுவினார். அன்றிலிருந்து மாஸ்டர் தலைகீழாக மாறிப்போனார். டீக்கு வரிசையில் நின்றால் திட்டு. இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் திட்டு. "எவனாவது வரிசையா நின்னா தோலை உரிச்சிருவேன்" என்று அவர் கத்தும்போது பழைய சிப்பாய்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மெல்ல மெல்ல எல்லாரும் கலையப் பழகினார்கள், ஒரே ஒருவரைத் தவிர. விசில் ஊதினால் மற்றவர்கள் சிதறி ஓட, மாப்பிள்ளை மட்டும் நாலடி ஓடிவிட்டுத் திரும்பிவந்து, வட்டம் இருந்த இடத்தில் விறைப்பாக நிற்பார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் திரும்பிவருவார்கள். வட்டம் அழிந்தும் அந்தக் காலுக்கு இடம் மறக்கவில்லை.

"மாப்ள, உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன், ஓடிருங்க," என்றார் ஒருநாள் மைதானத்திலேயே. அங்கே அவர் மருமகனை மரியாதை கொடுத்துக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அந்தப் பழக்கம் போவதற்குள் எல்லைக்குக் கிளம்பும் நாள் வந்துவிட்டது. மைதானத்தின் ஓரமாக லாரிகள். கம்பி வேலிக்கு வெளியே குடும்பங்கள். கிளம்புமுன் டிரில் மாஸ்டர் விசில் ஊத, அணிவகுத்து நின்று குடும்பத்தாருக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டுப் போவதுதான் அங்கே வழக்கம். படைப்பிரிவின் தலைவரான கர்னல் அதற்காக ஆளை விட்டுப் புதுச் சுண்ணாம்பு வேறு போட வைத்திருந்தார். வட்டம் பளிச்சென்று இருந்தது. மாஸ்டரின் மகளும் நல்ல இடமாகப் பார்த்து, வட்டத்துக்கு நேர் எதிரே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாஸ்டர் விசிலை வாயில் வைத்தார். வட்டத்தைப் பார்த்தார். எல்லாரும் வந்து நின்றால் கர்னலுக்குச் சந்தோஷம், மகளுக்கும் சந்தோஷம். ஊதினார்.

மைதானம் காலியானது. லாரிக்கு அடியில், சுவருக்குப் பின்னால், சாக்கடைப் பள்ளத்தில், யார் எங்கே என்று தெரியாமல் அத்தனை பேரும் மறைந்துபோனார்கள். கர்னல் முகம் சிவந்து நின்றார். மேஜரம்மா மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வட்டத்தில் ஒருவரும் இல்லை.

"அப்பா, அவரு எங்க? காணோமே," என்று மகள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டாள்.

மாஸ்டர் எல்லாப் பக்கமும் தேடிப் பார்த்தார். பொலபொலவென்று கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை.

"தெரியலம்மா," என்றார். "எனக்கே தெரியலம்மா."