உப்பை மறந்த செவுள்

இந்த ஊர் ஏரிக்கு அலை உண்டு, கரையில் மணலும் உண்டு. காற்றில் மட்டும் உப்பு வாசம் இல்லை. அமெரிக்காவுக்கு வந்து நான்கு வருடமாகியும் மூக்கு ஏமாந்துகொண்டுதான் இருக்கிறது. முதன்முதல் ஆய்வுக்கு வலை இழுக்கப் போன அன்று, படகிலிருந்து குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். கூட ஆய்வு செய்யும் எமிலி பதறிப்போய்த் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். தாகமில்லை என்றால் நம்பினால்தானே! இன்றும் எனக்கென்று ஒரு போத்தல் கூடுதலாகக் கொண்டுவருகிறாள்.

இலங்கையில், எங்கள் ஊரான பெரியகல்லாற்றில், தோணியிலிருந்து வலை வீசுமுன் அப்பா அப்படித்தான் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பார். மாரியில் எங்கள் வாவி நிறைந்ததும், கடலை மறித்துக் கிடக்கும் மணல்திட்டை வெட்டிவிடுவார்கள். பிறகு ஒருநாள் வாவித் தண்ணீர் கரிக்கத் தொடங்கினால், கடல்மீன் உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். "உப்பு ஏறிட்டு மனே, வலைய எடு" என்பார். மகளானாலும் அவருக்கு நான் மனேதான்.

இங்கே நான் படிப்பது ஏல்வைஃப் என்ற மீனை. பார்வைக்கு நம் ஊர்ச் சூடைமீன்தான். கடலில் வளர்ந்து, முட்டையிட மட்டும் ஆறேறி ஏரிக்கு வரும் மீன். எப்போதோ யாரோ அணை கட்ட, உள்ளே நின்றவை நின்றுவிட்டன. உடம்பு சிறுத்துப்போய், ஏரியிலேயே பிறந்து பெருகி, எவ்வளவு கெட்டித்தனமாகப் பிழைத்துக்கொண்டன பாருங்கள்! போன வாரம் தொலைபேசியில் அப்பாவிடம் மூச்சுவிடாமல் இதைத்தான் சொன்னேன். உண்மையில் சொல்ல வேண்டியது வேறு. படிப்பு முடிந்ததும் வந்துவிடுவேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்துத்தான் விமானம் ஏறினேன். ஆனால் பேராசிரியர் இங்கேயே வேலை தருவதாகச் சொல்லியிருந்தார், ஐந்து வருடத்துக்கு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"அமெரிக்காக்காரன் மீனுக்கும் விசா குடுத்திட்டானாகா?" என்று சிரித்தார் அப்பா.

"சிற்றிசனே குடுத்திட்டான் அப்பா."

"அப்ப அது கடலுக்கு எப்ப போகும்?"

"வழி அடைபட்டுப் போயிற்று..." என்று இழுத்து, வேலை விஷயத்தையும் சொல்லிவிட்டேன்.

"அங்கயே இரு மனே. அடைச்சது அடைச்சபடியேவா கிடக்கும்? வெட்டிவிட்டா வரும்தானே."

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை காலை, ஆய்வுகூடத் தொட்டியில் கடலளவு உப்புக் கரைத்து, விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். மாரி முடிந்த எங்கள் வாவியேதான்! கண் கலங்கிவிட்டது. அதே தண்ணீரில் விட்ட ஏரிமீன் செவுளை அகல விரித்துத் திணறியது, பக்கவாட்டில் சாய்ந்தது. பதறி அள்ளி ஏரித்தண்ணீரில் விட்டேன். அது நிமிர்ந்து நீந்தும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, உப்புக் காயாத விரலாலேயே பேராசிரியருக்குச் சம்மதம் எழுதினேன்.