தகப்பன் யாரென்று கேட்பவள்

பஞ்சுக் குச்சியை அக்குளில் இடுக்கிச் சூடாக்கிக்கொண்டுதான் கெனெயுவே கூண்டருகே குந்துவாள். சில்லென்று வாய்க்குள் போனால் முள் ஓணான் தாடையைப் பூட்டிக்கொள்ளும். தென்னாப்பிரிக்காவின் ஹாரிஸ்மித் ஊரே திரண்டு நெம்பினாலும் திறக்காது. ஒருமுறை கிழ ஓணான் ஒன்று அவள் விரலைக் கவ்வியபடியே மதியச் சாப்பாட்டுக்கும் கூட உட்கார்ந்ததாம். அவள் மறுகையால் சோளக்களி உருட்டித் தின்றாளாம். பாதியாவது நிஜமாக இருக்கும்.

வெயிலையே வெறித்துக்கொண்டிருக்கும் இந்த ஓணான்களைப் புல்வெளியில் பிடித்தால் குற்றம். உரிமம் வாங்கி, வீட்டுக் கூண்டில் பிறந்ததை விற்கலாம். பிடித்ததையே பிறந்தது என்று சொல்லுகிறவர்கள் பெருகியதால், வனத்துறை குட்டியின் எச்சிலையும் பெரியவற்றின் எச்சிலையும் எடுத்து டி.என்.ஏ. ஒப்பிடுகிறது. எடுப்பவள் கெனெயுவே. "பொய் சொல்றதெல்லாம் நாக்கு. எச்சிலுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது" என்பாள்.

போன வாரம் அவள் கணவனின் அண்ணன் மொகெத்தேயின் கூண்டுகளுக்கு முடிவு வந்தது. ஓணான்களைப் பறிமுதல் செய்துவர வேறு ஆளை அனுப்பச் சொல்லிப் பார்த்தாள்; வேறு ஆள் இல்லை, அவளே போனாள். குட்டிக்குத் தாய் பொருந்தியது. தகப்பன் மட்டும் கூண்டிலிருந்த எந்த ஆணும் இல்லை. சூல் கொண்டிருந்த பெண் ஓணானைப் புல்வெளியிலிருந்து தூக்கி வந்திருக்கிறார். உரிமம் போகும், வழக்கும் வரும்.

மொகெத்தே மறுக்கவில்லை. உழும்போது டிராக்டர் முன்னால் கிடந்தது என்றார். குட்டி தன் கூண்டில் பிறந்தது சத்தியம் என்றார்.

"நம்ம சனத்துல பிள்ளை மாட்டுக்குத்தான் சொந்தம். பொண்ணுக்கு மாடு குடுத்த வீட்டுப் பிள்ளை அது. ரத்தம் யாருதுன்னு எவன் கேட்டான்?"

"ஓணான் பொண்ணுக்கு எத்தனை மாடு ஓட்டினீங்க, பெரியத்தான்?"

அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"உனக்கு ஓட்டினேனே. தம்பிகிட்ட ஏது மாடு? என் கறவையையும் சேத்துத்தான் உங்கப்பன் வாசல்ல கட்டினேன். நீ இந்த வீட்டுப் பொண்ணு. எச்சில் மாறிப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

அவர் இடுப்பில் கூண்டுச் சாவி தொங்கியது. வெளியே வண்டியில் பெட்டிகள் காத்திருந்தன.

கெனெயுவே பையிலிருந்து சால்வையை எடுத்து, புகுந்த வீட்டு மூத்தவர் முன் மருமகள் போர்த்த வேண்டிய விதத்தில் தோளை மூடிப் போர்த்திக்கொண்டாள். அவர் காலடியில் முழந்தாளிட்டாள். தலை குனிந்து, மரியாதை பிசகாமல், சாவிக்காக இரண்டு கைகளையும் ஏந்தினாள்.