மாரியம்மனுக்கு நேர்ந்த முடி

புக்கிட் பெலண்டோக் ரப்பர் தோட்டத்து லாரி டிரைவர் தனபாலனுக்கு உலகத்தில் ஒரே எதிரி, தங்கை புருஷன் குணசீலனின் தலைமுடி. வழுக்கையாயிருந்த அந்த ஆள் சிரம்பான் டவுனில் ஒரு டாக்டரிடம் முடி நட்டுக்கொண்டு வந்து, ஒரே வருஷத்தில் சீப்பும் கையுமாகத் திரிந்தான். தனபாலனுக்கோ சின்ன வயதில் ரப்பர் பால் உறைய வைக்கும் ஆசிட் கொட்டி, உச்சியில் உள்ளங்கை அகலத் தழும்பு.

பொறாமை தாங்காமல் அவனும் அதே டாக்டரிடம் போனான்.

"தழும்பில் ரத்த ஓட்டம் குறைவு, நட்டாலும் எல்லாம் பிடிக்காது. தழும்பையே கொஞ்சங் கொஞ்சமாக வெட்டியெடுத்துத் தைக்கலாம். இல்லையென்றால் முடிபோலப் புள்ளிப் புள்ளியாகப் பச்சை குத்தலாம்" என்றார் டாக்டர்.

வெட்டச் சம்மதித்த தனபாலன், பயத்தில், தழும்பு மறைந்தால் மொட்டை போடுவதாகத் தோட்டத்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டான். பல தடவை வெட்டித் தைத்ததில் அது மறைந்தது; தையல் கோடு மட்டும் முடிக்குள் ஒளிந்துகொண்டது. முடிக்காகப் பாடுபட்டவன் முடியையே கொடுக்க வேண்டியதாயிற்று.

திருவிழாவில், மழித்தால் அந்தத் தையல் கோடு தெரியுமே என்று அவன் தயங்கினான். "என்னா மச்சான், பயமா? நானும் போடுறேன் லா, வளந்துரும்!" என்று குணசீலன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

மழித்த பிறகு தனபாலனின் தலையில் மெல்லிய கோடுதான். குணசீலனுக்கோ, நடுவதற்கு முடி எடுத்த பின்மண்டையில் காதிலிருந்து காதுவரை தழும்பு! தனபாலனுக்கு மனம் குளிர்ந்தது.

"ஐயோ, எவ்வளவு வலிச்சிருக்கும்ணே!" என்று தனபாலனின் மனைவி முதற்கொண்டு பெண்கள் குணசீலனைச் சூழ்ந்துகொண்டார்கள். இத்தனை வருஷத்தில் தனபாலனை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"தழும்புலயும் முந்திட்டானே" என்று முனகியபடி அவன் சந்தனத்தை வாரித் தலையில் அப்பிக்கொண்டான்.