கடவம் இறக்கினால் மறையும் வீக்கம்

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கடவத்தை (பனையோலைக் கூடை) ஈ மொய்த்தது. வரிசையில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். டாக்டரம்மா சொல்லித்தான் மீனோடு வந்திருக்கிறேன் என்றால் யார் நம்புவார்கள்?

மணக்குடியிலிருந்து கோட்டாற்றுச் சந்தைக்கு மீன் சுமப்பவள் நான். இரண்டாவது பிள்ளை பிறந்தபின் தொப்புளுக்கு இடப்பக்கம், சற்றுக் கீழே ஒரு வலி. சுசீந்திரம் தாண்டும்போது அங்கே எலுமிச்சை அளவில் புடைக்கும். சந்தையில் கடவத்தை இறக்கினால் மறைந்துவிடும். இதென்ன கூத்து என்று எனக்கே வேடிக்கையாக இருந்தது.

“குடலிறக்கம் ஆம்பளையளுக்குல்லா வரும்! ஒனக்கு வெறும் வாயுதாம்ட்டி” என்றாள் மதினி. பூண்டு தின்றேன். சேலையை இறுக்கிக் கட்டினேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! ஒருநாள் கடவத்தை இறக்கியும் அந்த வீக்கம் உள்ளே போக மறுத்தது, வழியிலேயே வாந்தியெடுத்தேன். வெகுநேரம் படுத்துக் கிடந்த பிறகே உள்ளே போனது. அன்றுதான் பயந்தேன். நான் சுமக்காவிட்டால் வீட்டுக்காரர் பிடித்துவரும் மீன் கரையிலேயே நாறும்.

மீன்வாடையோடு டாக்டர் முன்னால் நிற்க வெட்கம். சந்தையில்லாத நாளில், தலைகுளித்து, கோயிலுக்கு உடுத்தும் சேலையோடு போனேன். கட்டிலில் படுக்கவைத்து அமுக்கிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

“அது எப்போ வெளிய வரும்?”

“கடவம் தலையில இருக்கும்போ.”

“இன்னைக்கு?”

“சுமக்கல்லியே. நாறுமேன்னு குளிச்சிட்டு வந்தேன்.”

அவர் சிரித்துவிட்டார். “நாறட்டும். சந்தைக்குப் போற வழியில கடவத்தோடயே வா.”

அப்படித்தான் அன்று வந்தேன். அறைக்குள் சுமையோடு நிற்கவைத்து, சேலைக்கட்டைத் தளர்த்தி, விரலை வைத்து, “இருமு” என்றார். இருமினேன்.

“இந்தா இருக்கு! புத்தகத்துலதான் படிச்சிருக்கேன்” என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அது பக்கவாட்டு ஹெர்னியாவாம் (வயிற்றுத் தசைகளின் இடுக்கு வழியே குடல் பிதுங்குவது, மேல்படலம் மூடியிருப்பதால் படுத்தால் தட்டுப்படாது). சிக்கிக்கொண்டால் குடல் அழுகி உயிர் போகும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆபரேஷன் செய்து தைக்க வேண்டும் என்றார்.

“தச்சா மறுபடி கடவம் தூக்கலாமா?”

“தச்சுப் பாத்தாதான் சொல்ல முடியும்.”

ஈதர் (மயக்க மருந்து) வாடைக்கு மீன்வாடை எவ்வளவோ மேல். கண் விழித்ததும் ஓட்டை எவ்வளவு பெரிசு என்று கேட்டேன். இரண்டு விரல் நுழையுமாம். ஓரங்களை இழுத்துச் சேர்த்துத் தைத்தாராம். கிழிந்த வலைக்கு என் வீட்டுக்காரரும் இதைத்தான் செய்வார்.

ஆறு மாதம் மதினிதான் சுமந்தாள். “ஏட்டி, ஒன் கடவம் எங் கழுத்த ஒடிக்கி!” என்று தினமும் ஏசுவாள். சிரித்தால் எனக்குத் தையல் இழுக்கும்.

உங்களுக்கும் இப்படி ஒளிந்து விளையாடும் வலி இருந்தால், குளித்து உடுத்திப் போகாதீர்கள். அது வரும் கோலத்திலேயே போய் நில்லுங்கள்.

டாக்டரம்மா பார்த்துச் சரியென்ற பிறகு மறுபடி சுமக்கிறேன். முன்பெல்லாம் பசித்தால்தான் வயிறு நினைவுக்கு வரும். சந்தைக்கு ஓடுவதே குறி. இப்போது சுசீந்திரம் வந்ததும் நிற்கிறேன். தழும்பில் கைவைத்து ஒருமுறை இருமிப் பார்க்கிறேன். ஒன்றுமில்லை. பிறகுதான் நடக்கிறேன். மீன் கொஞ்சம் பொறுக்கட்டும்.