ஒட்டுவாரொட்டி

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றது, பாதி மறந்தும் போயிற்று, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சுரைக்குடுக்கைத் தண்ணீரின் அந்தக் கசப்பு மட்டும் இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அப்பால் எங்கள் ஊர். அப்பா இல்லை, அம்மாவும் நானும்தான். என் உதட்டோரத்திலும் விரல்களிலும் வெள்ளைத் திட்டு விழுந்த வருஷம், அப்பாவின் அக்காவான என் அத்தைதான் முதலில் அதைச் சொன்னாள்: "ஒட்டுவாரொட்டி". தொட்டால் தொற்றிக்கொள்ளும் நோய்க்கு அப்படிச் சொல்வார்கள்; பிறகு என் பெயரே அதுவாகிவிட்டது. "ஒட்டுவாரொட்டி வர்றாடி, நவுருங்க நவுருங்க" என்று பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடுவார்கள். ஊர் ஊற்றில் நான் கை வைக்கக் கூடாது என்றார்கள். மேட்டுப் பாறை இடுக்கில் சொட்டுகிற நீரைக் குடுக்கையில் பிடித்துக் குடித்தேன். நான் மட்டும் தனியாகக் குடிக்க வேண்டாமென்று அம்மாவும் அதையே குடித்தாள்.

அந்த மழைக்காலத்தில் வாந்திபேதி வந்தது. ஊற்றங்கரையிலேயே நோயாளிகளின் துணியை அலசினார்கள். அதே ஊற்றில் மொண்டுதான் அவர்கள் தாகத்துக்கும் கொடுத்தார்கள். அத்தை மகள் செல்லி, என் வயதுக்காரி, கண் உள்ளே போய்க் கிடந்தாள். அம்மா குடுக்கையோடு ஓடினாள், நான் பின்னாலேயே போனேன்.

"பாறத் தண்ணிங்க அண்ணி. எங்களுக்கு ஒண்ணும் ஆவலியே, இத்தக் குடுத்துப் பாருங்க."

"இன்னாது? உம் பொண்ணு வாய் வெச்ச தண்ணிய எம் பொண்ணு குடிக்கணுமா? செத்தாலும் சாவட்டும்."

அத்தை குடுக்கையைக் காலால் தட்டிவிட்டாள். செல்லி நனைந்த தரையைப் பார்த்து நாக்கை நீட்டினாள். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

துக்கத்துக்குப் போன அம்மாவை வாசலிலேயே மறித்தார்கள். "எல்லார் வூட்லயும் பொணம் உழுந்துது, உன் வூட்ல மட்டும் ஏன் உழல? உம் பொண்ணுதான் ஊருக்கே ஒட்ட வெச்சிட்டா." சாகாமல் இருந்ததே எங்கள் மேல் பழியாயிற்று. அன்றைக்கே மலையை விட்டு இறங்கி அமிர்திப் பக்கம் வந்தோம்.

இப்போது அந்த ஊற்று இல்லையாம். சிமெண்டுத் தொட்டியும் குழாயும் நிற்கின்றனவாம். அத்தையும் இல்லை, அம்மாவும் இல்லை. இங்கே வருகிற நர்ஸம்மா, வெள்ளைத் திட்டு யாருக்கும் ஒட்டாது, வாந்திபேதிதான் கெட்ட தண்ணீரால் பரவும் என்கிறார். நம்புகிறேன், ஆனாலும் பேத்தி என் டம்ளரை எடுத்தால் பிடுங்கிக் கழுவித்தான் தருகிறேன். படித்தவர்கள் யாராவது ஒருமுறை சரிபார்த்துச் சொல்லுங்கள்: நிஜமாகவே ஒட்டாதுதானே?