கதவைத் திறந்தவன்

பிளஸ் டூ முடித்துவிட்டு கேபிள் இழுக்கும் வேலைக்குப் போனவன் நான். கே.கே. நகர்ப் பக்கம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணினி மையத்துக்கு அப்படித்தான் போனேன். அங்கேயே ஆபரேட்டராகி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அலமாரி அலமாரியாக நிற்கும் மெயின்பிரேம் என்ற பெரிய கணினியில்தான் கிளைகளின் பாலிசி விவரமெல்லாம் இருக்கிறது. அந்த விவரங்கள் பதிந்திருக்கும் டிஸ்குகளில் பழுதானதைப் பிரித்தெடுப்பது, புதியதைச் சேர்ப்பது, கிளைகளை இணைக்கும் லைன் விழுந்தால் மறுபடி எழுப்புவது என் வேலை. ஆட்களோடு அதிகம் பேச வேண்டாம். அதனாலேயே எனக்குப் பிடித்துப்போனது.

டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அச்சடித்த எண் உள்பக்கம் பொடியாக இருக்கும். குனிந்து பார்க்கச் சோம்பி, தாளில் பெரிதாக எழுதி டேப் போட்டு முன்னால் ஒட்டிவைத்திருந்தேன்.

அலுவலகத்தைக் கூட்டித் துடைக்க ஓர் அக்கா வருவார். ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருடைய கணவருக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். இந்த வேலையில் கிடைத்த இ.எஸ்.ஐ. அட்டையில்தான் அது நடந்துகொண்டிருந்தது. “சம்பளம் கெடக்கு தம்பி. அந்த அட்டைக்குத்தான் நான் வாரது” என்பார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள். மெஷின் அறை பளிச்சென்று இருக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ஆபரேட்டரைத் தவிர யாரும் உள்ளே போகக்கூடாது, துடைப்பதும் நாங்கள்தான் என்பது விதி. அன்றைக்குப் பார்த்து தேனிக் கிளையின் லைன் விட்டு விட்டு வந்தது; போன் அடித்துக்கொண்டே இருந்தது. என் கார்டைத் தேய்த்துக் கதவைத் திறந்து அக்காவை உள்ளே விட்டேன்.

“தூசி மட்டும் தட்டுங்கக்கா, போதும்.”

“சாமி கும்புடப் போற மெஷினை இம்புட்டு அழுக்காவா வச்சிருப்பீக? நீங்க போயி போனை எடுங்க தம்பி.”

ஒரு மணி நேரம் கழித்துப் போனால் அறையே மாறியிருந்தது. சுருண்டு தொங்கிய என் தாள்களைப் பிய்த்து, பழைய பசையைச் சுரண்டி, புது டேப் போட்டு ஒரே நேராக ஒட்டியிருந்தார். “எப்புடி?” என்றார். “பிரமாதம்க்கா” என்றேன். எண்கள் அதனதன் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கவில்லை.

விடுமுறை முடிந்த முதல் நாள் காலையில் ஒரு டிஸ்க் பழுதாவதாகத் திரையில் எச்சரிக்கை வந்தது. கட்டளை கொடுத்து மெஷினோடு அதன் தொடர்பைத் துண்டித்தேன். அப்படித் துண்டித்த டிஸ்கில் மஞ்சள் விளக்கு மினுங்கும். அதைப் பார்த்த பிறகுதான் உருவ வேண்டும். நான் விளக்கைப் பார்க்கவில்லை. என் கையெழுத்தைப் பார்த்தேன், உருவினேன். பிறகுதான் பக்கத்து டிஸ்கில் மஞ்சள் விளக்கு மினுங்குவது கண்ணில் பட்டது. நான் உருவியது நல்ல டிஸ்க். டிஸ்குகளின் ஒரு தொகுப்பில் ஒன்று போனால் மெஷின் தாங்கும். இரண்டு போனால் தாங்காது. எல்லாக் கிளைகளும் சாயங்காலம் வரை நின்றுபோயின.

மறுநாள் மேனேஜர் அறையில் எனக்கும் அக்காவுக்கும் விசாரணை. ஒப்பந்தக்காரரும் வந்திருந்தார். தாள்கள் இடம் மாறியிருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

“மெஷின் ரூமுக்குள்ள உன்னை யாரும்மா விட்டது?” என்று மேனேஜர் கேட்டார்.

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். நான் மேசைக் கண்ணாடியைப் பார்த்தேன்.

“கதவு தொறந்து கெடந்துச்சு சார். நானாத்தான் போனேன்.”

ஒப்பந்தக்காரர் எகிறினார். “எழுத்து தெரியாதவளுக்கு நம்பர்ல என்னத்தா வேலை? வெளக்கமாத்தோட நிக்க வேண்டியதுதான? அடுத்து நீயே மெஷினை ஓட்டுவியோ?”

விளக்கைப் பார்த்தாயா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கதவைத் திறந்ததும் நான்தான் என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். வார்த்தை தொண்டை வரை வந்தது. எனக்கு எப்போதும் அதுவரைதான் வரும். “நீங்க போயி லைனெல்லாம் வந்துருச்சான்னு பாருங்க” என்றார் மேனேஜர். எழுந்து வந்துவிட்டேன். அடுத்த நாளிலிருந்து வேறொரு பெண் கூட்ட வந்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். பக்கத்தில் கணவர், முகமெல்லாம் ஊதிப்போய், உட்கார்ந்திருந்தார்.

“அட்டை போயிருச்சு தம்பி. காசு குடுத்து வெளியிலதான் பாக்குறோம். வாரம் ரெண்டு தடவைக்கு மேல முடியல.”

“அன்னைக்கு எதுக்குக்கா அப்புடிச் சொன்னீங்க?”

“என் வாயால உங்களக் காட்டிக்குடுக்க வேணாம்னுதான். நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்.”

குரலில் கோபம் இல்லை. பஸ் வந்தது. கணவரைத் தூக்கி நிறுத்தத் தடுமாறினார். நான் கை நீட்டினேன். “வேணாம் தம்பி, நான் பாத்துக்கிறேன்” என்று அவரே அணைத்து ஏற்றினார்.

மறுநாள் காலையில் மேனேஜர் அறை வாசலில் போய் நின்றேன். வெகுநேரம் நின்றேன். அவர் நிமிர்ந்து, “என்ன?” என்றார்.

“ஸ்பேர் டிஸ்க் வந்துருச்சு சார். போட்டுரவா?”

“போடுங்க” என்றார். போய்ப் போட்டேன்.